பூனைக்கு உண்டு, புல்லுக்கு இல்லை

போரிவிலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்றால் தாராவிக்காரருக்கும் மாட்டுங்காக்காரருக்கும் சிறுத்தைதான் நினைவுக்கு வரும். அதே காட்டில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள துருநிறப் புள்ளிப் பூனையும் உண்டு. 1831-ல் புதுச்சேரியிலிருந்து விலங்கியலுக்கு அறிமுகமான இனம். ஆள் சிறிதென்றாலும் சட்டத்தின் முன் புலிக்குச் சமம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்.

'ஹாலோபிலா பெக்காரி'க்கு அந்த யோகம் இல்லை. கேரளத்தின் கடலுண்டி போன்ற முகத்துவாரங்களில், அலையாத்தி மரங்களை ஒட்டிய சேற்றில் படரும் குட்டிக் கடல்புல் இது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் பூனை 'அச்சுறுத்தலை நெருங்கியது'. புல்லின் நிலை அதைவிட மோசம் - 'அழியக்கூடியது'. ஆனாலும் சட்டம் இதைப் பெயர் சொல்லிக் காப்பதில்லை. 2019-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல்புல் படுகை என்ற இடத்தைத்தான் காக்கிறது. படுகை வரைபடத்தில் ஏற வேண்டும்.

சிக்கலே அங்கேதான். பூனை ஒருமுறை தானியங்கிக் கேமராவில் பதிந்தால் போதும், சாட்சி கிடைத்துவிடும். இந்தப் புல்லோ ஒரு பருவத்தில் சேற்றைப் பச்சையாக மூடும். சில இடங்களில் பருவம் மாறினால் மறைந்து, விதையாக மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அப்போது அளக்கப் போகிறவர் கண்ணுக்குப் படுவது வெறும் சேறு. வெறும் சேற்றில் மண் கொட்டி மேடாக்குவது எப்படி என்று மும்பைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.