உப்பில் அடங்கிய உண்மை

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளின் பாடநூல் ஒரு மொழியிலும், பெற்றோர் கற்ற கல்வி வேறொரு மொழியிலும் இருப்பது இயல்பு. அதனால் என் வீட்டில் நேர்ந்த ஓர் இடரைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

நான் ஜபல்பூரில் இரயில்வே எழுத்தர்; பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஒன்பதாம் வகுப்பில் இந்தி வழியில் பயிலும் என் மகள், தேர்வுக்கு முந்திய இரவு, "அணு என்றால் என்ன அப்பா?" என்று கேட்டாள். தமிழில் படித்ததை நினைவுகூர்ந்து, "நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள், அதுதான் அணு" என்றேன். அவள் அப்படியே எழுதினாள், மதிப்பெண் கிடைக்கவில்லை. பிழை அவளுடையதன்று, ஆசிரியருடையதும் அன்று, என்னுடையதே. நாம் அணு என்பதை இந்தி நூல்கள் 'பரமாணு' என்கின்றன. நாம் மூலக்கூறு என்பதைத்தான் அவர்கள் 'அணு' என்கின்றனர். மராத்தியிலோ அணு என்பது நம் அணுவே. மூலக்கூறு அங்கே 'ரேணு'.

மகளின் முகவாட்டத்தைக் கண்டபின் எனக்கு உறக்கம் வரவில்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம் என்று தோன்றியது. மறுநாள் இருவரும் அமர்ந்து, ஒரு சிட்டிகை உப்பை முன்னே வைத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம்.

உப்பு, சோடியம், குளோரின் என்னும் இரு தனிமங்கள் சேர்ந்த சேர்மம். சோடியம் நீர் பட்டால் சீறிப் பாயும் உலோகம். அதனால் அதை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாப்பர். குளோரினோ நச்சுவாயு, 1915ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுப் போர்க்களத்தில் மனிதரைக் கொல்லப் பயன்பட்டது. இவ்விரண்டும் கூடி நாம் நாள்தோறும் உண்ணும் உப்பாவது எவ்வாறு?

அணுவின் அமைப்பு

1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911இல் ரூதர்போர்டு, அணுவின் நிறை பெரும்பாலும் அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் திரண்டிருக்கிறது என்று நிறுவினார். அக்கருவில் நேர்மின்னேற்றமுள்ள புரோட்டான்களும், மின்னேற்றமற்ற நியூட்ரான்களும் உள்ளன. வெளியே, புரோட்டான்களின் எண்ணிக்கைக்குச் சமமாக, எதிர்மின்னேற்றமுள்ள எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒரு தனிமம் இன்னதென்று தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கையே. 11 இருந்தால் சோடியம்; 17 இருந்தால் குளோரின்.

எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைகின்றன. இதை இரயிலில் இடம் ஒதுக்குவதற்கு ஒப்பிட்டேன். முதற் பெட்டியில் 2 இடம். அது நிறைந்தபின் இரண்டாவதில் 8. அதுவும் நிறைந்தபின் மூன்றாவது. இவ்வாறு சோடியத்துக்கு 2, 8, 1 என்றும், குளோரினுக்கு 2, 8, 7 என்றும் அமைகின்றன. எலெக்ட்ரான்கள் மேகம்போல் பரவியுள்ளன என்பதே இன்றைய அறிவியலின் கருத்து. ஆயினும் பள்ளிப் பாடத்துக்கு இக்கணக்கு போதும்.

மெண்டலீவின் அட்டவணை

அணுவின் உள்ளமைப்பு தெரியாத காலத்திலேயே, 1869இல், ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கினார். ஒத்த குணமுடையவை ஒரே தொகுதியில் வந்தன. பொருந்தாத இடங்களை வெற்றிடமாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமங்களின் குணங்களையும் முன்கூட்டியே எழுதினார். அலுமினியத்தை அடுத்து வரவேண்டியதற்கு, 'ஒன்று' என்னும் பொருள்படும் வடமொழிச் சொல்லைக் கொண்டு 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். 1875இல் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்துக் காலியம் என்று அழைத்தார். அதன் அடர்த்தி 4.7 என அவர் அறிவிக்க, அப்பொருளைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், 5.9 அளவில் இருக்கவேண்டும், மீண்டும் அளந்து பாருங்கள் என்றார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 என்றே வந்தது!

வரிசைக்கு உண்மையான அடிப்படை எடையன்று, கருவின் மின்னேற்றமே என்பதை 1913இல் மோஸ்லி என்னும் இளைஞர் காட்டினார். 1915இல், தம் 27ஆம் வயதில், அவர் போரில் மாண்டார். இன்று அட்டவணையில் 118 தனிமங்கள் உள்ளன.

அட்டவணையைப் படிப்பதற்கு இரண்டு செய்திகளை நினைவில் வைத்தால் போதும். ஒரே வரிசையில் இடமிருந்து வலம் செல்லுகையில் கருவின் ஈர்ப்பு மிகுகிறது. அணு சிறுத்துக்கொண்டே போகிறது. மேலிருந்து கீழே இறங்குகையில் புதிய கூடு சேர்கிறது. அணு பெருக்கிறது, கடைசி எலெக்ட்ரானின் பிடி தளர்கிறது. ஆகவேதான் லித்தியம் நீரில் அமைதியாகக் குமிழிவிட, சோடியம் நீர்மேல் ஓடித் திரிய, பொட்டாசியம் தீப்பற்றி எரிகிறது.

பிணைப்பு

சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலெக்ட்ரான். குளோரினுக்கோ எட்டுக்கு ஒன்று குறைவு. சோடியம் ஒன்றைக் கொடுக்கிறது. குளோரின் அதை ஏற்கிறது. கொடுத்தது நேர்மின் அயனி, ஏற்றது எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இதுவே அயனிப் பிணைப்பு. இருவரின் வெளிக்கூடும் நிறைந்துவிட்டதால் ஒன்றின் சீற்றமும் மற்றதன் நஞ்சும் தணிந்துவிடுகின்றன. அப்பிணைப்பின் வலிமையால்தான், சோடியம் 98 டிகிரி சென்டிகிரேடில் உருக, உப்பு 801 டிகிரியில் உருகுகிறது.

கொடுக்கவும் விரும்பாத, வாங்கவும் இயலாத அணுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6, இரு ஹைட்ரஜன் அணுக்களுடன் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து அது எட்டாகிறது, நீர் பிறக்கிறது. இது சகப்பிணைப்பு. உலோகங்களிலோ வெளி எலெக்ட்ரான்கள் யாவருக்கும் பொதுச்சொத்து. நம் இருப்புப்பாதையின் மேலுள்ள செப்புக்கம்பியில் மின்சாரம் ஓடி வண்டியை இழுப்பது அதனாலேயே.

எல்லாம் கேட்டபின் மகள் உப்பை உற்றுப் பார்த்தாள். "இதில் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று பாடத்தில் இருக்கிறது. இரண்டிரண்டாய்ச் சேர்ந்த தனி மூலக்கூறு இல்லை. அப்படியானால் இந்திக்கணக்கில் உப்பில் 'அணு'வே இல்லை அப்பா!" என்று சிரித்தாள். பாடம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று அப்போது அறிந்தேன்.

இப்போது எங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒருபுறம் பள்ளியின் சொல், மறுபுறம் தமிழ்ச் சொல். அன்பர்களும் தம் இல்லங்களில் இவ்வாறு ஒரு தாள் எழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நமக்குப் பட்டம் வேண்டியதில்லை. உடன் அமரும் ஒரு மணி நேரமும் அடுக்களையிலுள்ள ஒரு சிட்டிகை உப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம்.