தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

ஒரு குவளை நீரில் சிறிது மண்ணையும் மற்றொரு குவளை நீரில் சிறிது உப்பையும் இட்டுக் கலக்குவோம். மண் நீரைக் கலக்கிப் பின் அடியில் படியும். உப்போ மறைந்துவிடும். மறைந்ததேயன்றி அழிந்துவிடவில்லை, ஒரு துளி நாவில் பட்டால் அதன் இருப்பை அறியலாம். முன்னது கலங்கல், பின்னது கரைசல். கலங்கலைத் துணியால் வடிகட்டலாம். கரைந்த பொருளை எத்துணை நெருக்கமான துணியும் தடுத்து நிறுத்தாது.

நீர் மூலக்கூறின் ஒருபுறம் சிறிது நேர்மின் தன்மையும் மறுபுறம் சிறிது எதிர்மின் தன்மையும் உடையது. ஆகவே அம்மூலக்கூறுகள் உப்பிலுள்ள சோடியம், குளோரைடு அயனிகளைத் தனித்தனியே சூழ்ந்து படிகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. இதற்கும் ஓர் எல்லை உண்டு. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பையே கரைக்கும். இவ்வெல்லையே கரைதிறன். அது பொருளுக்குப் பொருள் வேறுபடும். கரையாதது என நாம் கருதும் பொருளும் சூழல் மாறினால் கரையக்கூடும். வங்காளதேசத்து மக்கள் இவ்வுண்மையைப் பெருந்துயரின் வழியே அறிந்தனர்.

அந்நாட்டில் குளம், குட்டை நீரால் பரவிய வயிற்றுப்போக்கு நோய்கள் குழந்தைகளைப் பலிகொண்டு வந்தன. அதைத் தடுக்கவே 1970களில் யூனிசெஃப் துணையுடன் குழாய்க்கிணறுகள் பரவலாக அமைக்கப்பட்டன. நோக்கம் நல்லது, நீரும் தெளிவாகவே வந்தது. ஆனால் 1993இல் வடமேற்கிலுள்ள சாபை நவாப்கஞ்ச் மாவட்டக் கிணற்று நீரில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது. 2001இல் வெளியான ஆய்வின்படி, 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு, அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைக் கடந்திருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10 மைக்ரோகிராம் மட்டுமே. இந்நீரை நெடுநாள் பருகியோருக்குத் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பும் தோன்றின. பலருக்கு அது புற்றுநோயில் முடிந்தது.

நஞ்சு எங்கிருந்து வந்தது? இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், மணல் துகள்களைப் போர்த்திய இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஆர்செனிக் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் இவ்விரும்பு கரைவதில்லை. ஆக்சிஜன் அற்ற ஆழத்திலோ, மட்கிய தாவரப் பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்கள், கரையாத ஃபெர்ரிக் இரும்பைக் கரையும் ஃபெர்ரஸ் இரும்பாக மாற்றிவிடுகின்றன. பற்றியிருந்த இரும்பு கரைந்ததும் ஆர்செனிக்கும் நீரில் கலக்கிறது.

நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் கொண்டே நம் முன்னோர் நீரின் தன்மையை அறிந்தனர். நீரில் கரைந்த ஆர்செனிக் இம்மூன்றில் எதையும் மாற்றுவதில்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், ஆர்செனிக் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்நோய்க்கு மருந்தும் இதே வேதியியலில்தான் கிடைத்தது. குஷ்டியாவில் பிறந்த வேதியியலறிஞர் அபுல் ஹுஸ்ஸாம் வடிவமைத்த ‘சோனோ’ வடிகட்டியில், மணலுடன் இரும்புத் துகள்களாலான அடுக்கு ஒன்று உள்ளது. நீர் அதனூடே செல்லும்போது இரும்பு துருப்பிடிக்கிறது. கரையாத அத்துரு ஆர்செனிக்கைத் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்கிறது. நிலத்தடியில் இரும்பு கரைந்ததால் விடுபட்ட நஞ்சை, கரையாத இரும்பே மீண்டும் பிடித்து நிறுத்துகிறது! இதற்காக அவருக்கு 2007இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு வழங்கப்பட்டது.

வரம்பைக் கடந்த கிணறுகளுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசி மக்கள் எச்சரிக்கப்பட்டனர். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட வேறு வழியில்லை. தமிழகத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதிக்கிறது. வீட்டிலோ பள்ளிவாசலிலோ புதுக் கிணறு தோண்டும்போது, நீர் தெளிந்திருக்கிறது என்று நாம் நிறைவடைந்துவிடலாகாது. அதில் கரைந்திருப்பது என்ன என்பதை ஆய்வகத்தில் சோதித்தறிந்த பின்னரே பிறருக்குப் பருகக் கொடுக்க வேண்டும்.