பலகை அப்புறம், காலணி முதலில்

ஓசூர் சாலையில் உள்ள சந்தாபுராவில் பனிப்பொழிவு கிடையாது. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டி சம்பளக்காரர் ஒருவருக்கு குல்மார்க் ஆசை பிடித்துவிட்டால், முதல் வேலையாக ஸ்னோபோர்டு வாங்கத் துடிக்கிறார். அவசரம் வேண்டாம். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் நுழைந்த இந்த விளையாட்டில் புதியவரைப் படுத்துவது காலணிதான். உள்ளே குதிகால் எழும்பினால் பலகை சொன்னபடி கேட்காது. காலணியை வாங்குங்கள், பலகையை குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

வாங்கியே தீருவேன் என்பவர் பார்க்க வேண்டியது பலகையில் தீட்டிய படத்தை அல்ல, தன் எடையை. நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும் என்பது பழைய கணக்கு. எடை கூடினால் நீளமும் கூட வேண்டும். வளைந்து கொடுக்கும் பலகை தப்பை மன்னிக்கும், விறைப்பானது மன்னிக்காது. பெரிய பாதத்துக்கு அகலப் பலகை. இல்லாவிட்டால் திரும்பும்போது காலணி முனை பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் இப்படி விழும்போது கையை ஊன்றுவதால்தான்.