தொண்டையில் கேட்ட சத்தம்

சென்ற பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த நண்பர்கள் பலர், "என்ன சார், இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்று அக்கறையோடு விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் சங்க இதழிலேயே எழுதிவிடுங்களேன், பத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றார் ஆசிரியர். நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டதையும், டாக்டர் சொல்லிப் புரிந்துகொண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

2021ஆம் வருஷக் கோடையில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. நாக்பூர் வெயிலும் தூசியும் நமக்குப் புதிதா என்ன? பனங்கற்கண்டும் மிளகுக் கஷாயமுமாக ஓட்டினேன். மழைக்காலம் வந்ததும் தானே அடங்கிவிட்டது. அடுத்த கோடையில் இருமல் திரும்பி வந்தது. ஒரு நாள் இரவு என் மனைவி எழுப்பி, "என்னங்க, மூச்சு இழுக்கும்போது தொண்டையில என்னமோ சத்தம் வருது, கடுகு பொரியற மாதிரி" என்றாள். காதைத் தீட்டிக் கேட்டேன். ஆமாம், மெல்லிய படபட சத்தம். சளி கட்டியிருக்கிறது என்று நினைத்து ஆவி பிடித்தேன்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதினார். சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை என்று வந்தது. இதற்கிடையில் தங்கை பெண் கல்யாணத்துக்காக லால்குடி போய் இருபத்தைந்து நாள் தங்கினேன். மூன்றாம் நாளிலிருந்தே இருமல் குறைந்தது. "ஊர்க் காத்து பட்டாலே போதும் அண்ணா, அந்த நாக்பூரை விட்டுட்டு வந்துடுங்க" என்றாள் தங்கை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வந்த ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று.

2023 ஜூனில் ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளைப் பாதிகூட ஏற முடியாமல் நின்றுவிட்டேன். எத்தனை வருஷம் ஓடி ஏறிய படிகள்! அன்றுதான் பயம் வந்தது. நுரையீரல் நிபுணரான ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். "தொண்டையில் சத்தம்" என்றேன். அவரோ தொண்டையைப் பார்த்துவிட்டு, முதுகுப் பக்கம் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மேஜை மேல் இருந்த பி.பி. பார்க்கும் பட்டையை எடுத்து, ஒட்டியிருந்ததை மெதுவாகப் பிரித்துக் காட்டினார். சர்ரென்று ஒரு சத்தம். "உங்கள் நுரையீரலின் அடிப்பாகம் இப்படித்தான் ஒலிக்கிறது" என்றார்.

எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சக்கரங்களின் சத்தத்தைக் கவனிப்பார்கள். "என் சீட்டுக்கு அடியில் சத்தம்" என்று பயணி சொல்வார். கோளாறு சீட்டில் இருக்காது, கீழே போகியில் இருக்கும். சத்தம் கேட்கும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த நான் என் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

டாக்டரம்மா அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "வீட்டில் புறா வருகிறதா? கூலர் இருக்கிறதா?" இரண்டும் உண்டு. பால்கனியில் புறாக்கூடு. படுக்கையறை ஜன்னலில் பெரிய கூலர். ஹோலி முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோம். மரச்சீவல் பட்டையை மூன்று வருஷமாக மாற்றவில்லை, அதில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தது. லால்குடியில் இருமல் நின்ற கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களைக் குணப்படுத்தியது ஊர்க்காற்று இல்லை. அங்கே கூலர் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும், ஊதிப் பார்க்கும் பரிசோதனையும், ஆறு நிமிஷ நடைப் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தின. நோயின் பெயர் ஹைபர்சென்ஸிடிவிட்டி நிமோனைடிஸ். பூஞ்சைத் தூளோ, புறா எச்சம், இறகுத் தூசியோ மூச்சில் போகும்போது சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் நுரையீரல் வீங்கி, நாளடைவில் தழும்பாக இறுகிவிடுகிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை. அதே அறையில் படுத்த என் மனைவிக்கு ஒன்றும் இல்லை. மூச்சு விடும்போது மூடிக்கொள்ளும் சிறு குழாய்கள், இழுக்கும்போது பட் பட்டென்று திறப்பதுதான் அந்தக் கடுகு பொரியும் சத்தம்.

இது அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 19 நகரங்களின் 27 மருத்துவ மையங்களில், நுரையீரல் இறுகும் வகை நோயுள்ள 1,084 பேரை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 47 சதவீதம் பேருக்கு இருந்தது இந்த நோய்தான். அவர்களில் பலர் கூலர் காற்றில் இருந்தவர்கள். வடக்கேயும் விதர்ப்பத்திலும் வாழும் நம்மவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். 2025இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாவை மூடியபோது எழுந்த சச்சரவைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இந்த மூச்சு நோய்க் கவலைதான்.

ஆனால் மூச்சில் சத்தம் வந்தாலே இந்த நோய் என்று பயப்படவும் கூடாது. டாக்டரம்மா விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன்:

1. இருமினால் அல்லது தொண்டையைச் செருமினால் போய்விடும் கொரகொரப்பு பெரும்பாலும் சளி. மூக்கிலிருந்து பின்பக்கமாக வடியும் நீரும், இரவில் மேலேறி வரும் வயிற்று அமிலமும் தொண்டையைக் கெடுக்கும்.

2. மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் ஆஸ்துமாவாகவோ, புகையால் வந்த நோயாகவோ இருக்கலாம்.

3. காய்ச்சல், நெஞ்சுவலியோடு படபடப்புச் சத்தம் வந்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும்.

4. படுத்தால் மூச்சுமுட்டி, உட்கார்ந்தால் தேவலை என்றிருந்து, காலும் வீங்கினால் இருதயத்தைப் பார்க்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தாலும் இதே சத்தம்தான்.

5. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

6. மூச்சை இழுக்கும்போது கரகரவென்று உரத்த சத்தம் வந்து, மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை எதையாவது விழுங்கியிருந்தாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.

1816இல் பாரிஸில் லேனக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் ஆரம்பம். இருநூறு வருஷம் கழித்தும், இத்தனை ஸ்கேன் வந்த பிறகும், என் நோயை முதலில் பிடித்தது அந்தக் குழாயும் ஒரு பொறுமையான காதும்தான். ஆகையால் டாக்டர் முதுகில் வைத்துக் கேட்காமலே மருந்து எழுதினால், "கொஞ்சம் பின்பக்கமும் கேட்டுப் பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தவறில்லை.

எனக்குச் சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சர்க்கரை ஏறியது, அதற்கும் மருந்து. ஆனால் முதல் மருந்து, காரணத்தை வீட்டை விட்டு வெளியேற்றுவதுதான். கூலர் பழைய சாமான்காரரிடம் போயிற்று. பால்கனிக்கு வலை போட்டோம். வீக்கமாக இருந்த பகுதி தேறியது. தழும்பான பகுதி திரும்பாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு கோடை முன்னதாக வந்திருந்தால் தழும்பு குறைவாக இருந்திருக்கும். மேம்பாலத்தில் இப்போது நடுவில் ஒருமுறை நின்று ஏறுகிறேன்.

கூலர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடைக்கு முன் பட்டையை மாற்றுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள். சீசன் முடிந்ததும் காயவைத்து மூடுங்கள். கூலர் போட்டால் இருமலும், ஊருக்குப் போனால் நிம்மதியும் என்றிருந்தால், அதை ஊர்ப்பாசம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் வீட்டுக்காரி எழுப்பிச் "சத்தம் கேட்குது" என்றால், கோபப்படாமல் எழுந்து உட்காருங்கள்.