ஊசிக்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்க!
பல் டாக்டரிடம் "ஒண்ணுமில்லே" என்று மறைத்தால் ஆபத்து

சென்னை –

மாலை 7 மணி. தி.நகர் பனகல் பூங்கா பக்கம் ஒரு பல் கிளினிக். ஐம்பதைத் தாண்டிய கடைக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்கிறார். மூன்று நாள் வலி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும்.

"சுகர், பிரஷர் ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே டாக்டர். சீக்கிரம் ஊசியைப் போடுங்க. கடையிலே பையன் தனியா இருக்கான்."

பெஞ்சில் இருந்த மனைவி எழுந்து வந்தார். "ஏங்க மறைக்கிறீங்க? ரெண்டுக்கும் மாத்திரை சாப்பிடறாரு டாக்டர். காலையிலேருந்து சோறு இறங்கலே. சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டாரு."

டாக்டர் சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ எந்த மாலையிலும் நடக்கக் கூடியது.

ஊசியில் இரண்டு மருந்து

பல்லுக்குப் போடும் மரத்துப் போகிற ஊசியில் முக்கியமானது லிக்னோகைன். 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. வலிச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகாமல் இது தடுக்கிறது.

பெரும்பாலும் அதோடு கொஞ்சம் அட்ரினலினும் சேர்ந்திருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. மருந்து அதே இடத்தில் நிற்கிறது; ரத்தப் போக்கும் குறைகிறது. ஆனால் ரத்தத்தில் கலந்தால் நெஞ்சு படபடக்கும். இதய நோயாளிக்கும், பிரஷர் எகிறி நிற்பவருக்கும் இது சின்ன விஷயம் அல்ல.

அதனால்தான் பிரஷர் 180-க்கு 110 என்ற அளவைத் தொட்டால், அவசரமில்லாத பல் வேலையை டாக்டர்கள் தள்ளி வைக்கிறார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர் என்றால் இதய டாக்டரின் யோசனையைக் கேட்கிறார்கள்.

வெறும் வயிறு வேண்டாம்

நாற்காலியில் அதிகம் நடப்பது சாதாரண மயக்கம். காரணம் பெரும்பாலும் பயம்தான். முகம் வெளுக்கும், வியர்க்கும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவர் கதை வேறு. சர்க்கரை இறங்கி மயங்கலாம். எனவே டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை, வழக்கம் போல் சாப்பிட்டு விட்டுப் போக வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். "பல்லைப் பிடுங்கணுமே" என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. கர்ப்பிணிகள் எத்தனையாவது மாதம் என்பதைச் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு ஏன் எடை?

"பல்லுக்கு வந்தா எடை எதுக்கு?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகைன் என்பது பல் மருத்துவத்தில் வழக்கமான உச்சவரம்பு. 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் இது சுமார் 3.3 மில்லி மட்டுமே. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுகிற விஷயமா இது?

"போன தடவை ஊசி போட்டப்போ மயங்கி விழுந்தேன்" என்றால் அதையும் சொல்லுங்கள். லிக்னோகைனுக்கு உண்மையான அலர்ஜி அபூர்வம். ஆனாலும் அன்று நடந்தது பயமா, அலர்ஜியா என்று டாக்டர்தான் பிரித்தறிய வேண்டும்.

1953-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே போனாலும் சரி, தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் சரி, நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

நம் கடைக்காரர் என்ன ஆனார்? சர்க்கரையைப் பார்த்தார்கள், இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கொடுத்தார்கள். பிரஷர் 190-க்கு 110. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, முதலில் குடும்ப டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பல் சில நாள் பொறுத்துக்கொள்ளும்.

நீங்கள் பல்லைக் காட்டப் போகிறீர்களா? வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அட்டையை நீட்டினால் போதும்!