ஈற்றின் ஆழம் அளக்கும் கோல்

ஈறு நோயின் கடுமையை அளப்பதற்குப் பல் மருத்துவர் கையாளும் முதன்மைக் கருவி, 'புரோப்' என்று வழங்கப்படும், முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கோலே ஆகும். பல்லுக்கும் ஈற்றின் விளிம்புக்கும் இடையே இயல்பாகவே அமைந்துள்ள குறுகிய பள்ளம், நலமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தால் ஈறு அழன்று, பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் அழிந்து, எலும்பும் கரையத் தொடங்கும்போது அப்பள்ளம் ஆழ்ந்து 'பை' எனப்படும் நிலையை அடைகிறது. இவையாவும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்வதால், நோயாளி சொல்லக் கேட்டு அறிவதைவிட அளந்து அறிவதே இங்கு முறையாகும்.

1936இல் வில்லியம்ஸ் வடிவமைத்த கோலில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்னும் கோடுகளே உள்ளன. 4, 6 ஆகியவற்றை விட்டது, ஈற்றோரத்தில் அளவைப் படிக்கும் கண் குழம்பாதிருக்கவே. ஏறத்தாழ 25 கிராம் எடைக்கு நிகரான மெல்லிய அழுத்தத்துடன் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளக்க வேண்டியிருப்பதால், 28 பற்களுக்கு 168 அளவுகள் பதிவாகின்றன. ஆழ்ந்த பை ஒரே பல்லின் ஒரே பக்கத்தில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் இப்பொறுமை வீணன்று.

எனினும், பையின் ஆழத்தை மட்டும் நம்புவது பிழைக்கு இடந்தரும். ஏனெனில் அளவு தொடங்கும் ஈற்று விளிம்பே வீக்கத்தால் உயரவும் நோயால் கீழிறங்கவும் கூடியது. ஆகவே எனாமல் முடிந்து வேர் தொடங்கும், இடம் பெயராத எல்லைக்கோட்டிலிருந்து பையின் அடிவரை கணக்கிட்டு, அதனைப் 'பிணைப்பிழப்பு' எனக் கொள்வர். அக்கோட்டிலிருந்து ஈறு 2 மில்லிமீட்டர் இறங்கி, பை 3 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தாலும் இழப்பு 5 மில்லிமீட்டர். ஈறு வீங்கி அக்கோட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டர் எழுந்து, பை 5 மில்லிமீட்டர் காட்டினாலும் இழப்பு 2 மில்லிமீட்டரே. ஆழம் குறைந்த முதல் பல்லே உண்மையில் கூடுதலாக நலிந்தது.

2018இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு, பற்களுக்கு இடையே மிகுதியான இழப்பு காணப்படும் இடத்தைக் கொண்டு, 1 முதல் 2 மில்லிமீட்டரை முதல் நிலை என்றும், 3 முதல் 4 வரை இரண்டாம் நிலை என்றும், 5உம் அதற்கு மேலும் மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்றும் வகுக்கிறது. இவ்விறுதி இரண்டையும் பிரிப்பதில், இந்நோயால் விழுந்த பற்கள் ஐந்தை எட்டியுள்ளனவா என்பதும் பார்க்கப்படுகிறது. கோல் பட்டவுடன் குருதி கசிவது அழற்சியின் அடையாளம் என்றாலும், புகைபிடிப்போரிடம் கசிவு குறைந்தே தோன்றுவதால், அவர்களுடைய ஈறு குருதியின்றி இருப்பதைக் கண்டு அளவெடுப்பைத் தவிர்த்துவிடலாகாது.