கட்டுநிரல்

கட்டுநிரல் என்பது ஒரு மென்பொருளின் மூல நிரலிலிருந்து இயங்கக்கூடிய நிரலை உருவாக்கும் பணிகளைத் தானே நிறைவேற்றும் கோப்பு ஆகும். எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் தொகுப்பது, கம்பைலர் எனப்படும் தொகுப்பிக்கு எத்தெரிவுகளைக் கொடுப்பது என்பன இதில் எழுதப்படும். பல இயங்குதளங்களுக்கான மென்பொருளில் இத்தெரிவுகளைக் குறிப்பிடாமல் விட்டால், ஒரே மூல நிரல் வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும்.

வரலாறு

1976 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். இது மாற்றப்பட்ட கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மீண்டும் தொகுக்கும். 1987 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி தொகுப்பியை வெளியிட்டார். 1991 இல் தோன்றிய ஆட்டோகான்ஃப், 2000 இல் வெளிவந்த சிமேக் ஆகியவை கணினியின் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கட்டும் பணியை எளிதாக்கின.

தமிழ் எழுத்துகளும் தொகுப்பியும்

யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொண்டது. 'க' என்பதன் பைட்டுகள் 224, 174, 149 ஆகும். சி மொழியில் 'சார்' என்னும் தரவு வகை குறியுடையதா, குறியற்றதா என்பதை மொழி வரையறை முடிவு செய்யவில்லை. லினக்ஸ் இயங்கும் இன்டெல் வகைக் கணினிகளில் அது குறியுடையது. ஆர்ம், ரிஸ்க்-5 ஆகியவற்றில் குறியற்றது. ஆகவே இன்டெல் வகைக் கணினியில் மேற்கண்ட பைட்டுகள் -32, -82, -107 என எதிர்ம எண்களாகக் கொள்ளப்படும்.

ஊர்ப்பெயர்களை இவ்வகையின் பைட்டு மதிப்பால் வரிசைப்படுத்தும் ஒரு நிரலைக் கொள்வோம். கடலூர், சிதம்பரம் ஆகிய இரு பெயர்கள் மட்டும் இருந்தால் இரண்டு கணினிகளிலும் ஒரே வரிசை கிடைக்கும். ஆங்கில எழுத்தில் அமைந்த பெயர்களும் சேர்ந்தால், தமிழ்ப் பெயர்கள் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வரும். சிறிய சோதனையில் இப்பிழை வெளிப்படாது.

இதனைத் தவிர்க்க, மூல நிரலிலேயே குறியற்ற வகையை வெளிப்படையாக அறிவிப்பதே சிறந்த வழி. பழைய நிரல்களில் குறியற்றதாகக் கொள்ளுமாறு ஜிசிசிக்கு ஒரு தெரிவைக் கட்டுநிரலில் கொடுக்கலாம்.

செயலிக்கேற்ற தெரிவுகள்

'நேட்டிவ்' என்னும் தெரிவு, நிரலைக் கட்டும் கணினியின் செயலிக்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்தும். கடலூரில் ஒரு மாணவர் தம் புதிய கணினியில் இவ்வாறு கட்டிய நிரல், சிதம்பரத்தில் உள்ள பழைய ஆய்வகக் கணினியில் இயங்காமல் நின்றுவிடலாம். பிறருக்கு வழங்கும் நிரலுக்கு, பயனர் கணினிகளுள் மிகப் பழையதற்கும் பொருந்தும் செயலி வகையைக் குறிப்பிட வேண்டும்.

குறுக்குத் தொகுப்பு

ஒரு வகைச் செயலியில் இருந்துகொண்டு வேறு வகைச் செயலிக்கான நிரலைக் கட்டுதல் குறுக்குத் தொகுப்பு எனப்படும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சக்தி' செயலி ரிஸ்க்-5 வகையைச் சேர்ந்தது. 2018 இல் அதன் சில்லில் லினக்ஸ் இயக்கப்பட்டது. இதற்கான நிரல்களை இன்டெல் வகைக் கணினியிலேயே கட்டலாம். அப்போது இலக்குச் செயலியின் கட்டளைத் தொகுதி கட்டுநிரலில் தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும்.

நல்ல நடைமுறைகள்

* தொகுப்பியின் எச்சரிக்கைகளை இயக்கி, அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தல்.
* சோதனைக்கான கட்டலையும் வெளியீட்டுக்கான கட்டலையும் தனித்தனியே வைத்தல்.
* ஒவ்வொரு இலக்குச் செயலியிலும் தமிழ் உரையைக் கொண்டு சோதித்தல்.